குளிர்காலத்தில் வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி செய்வது உண்மையில் பயன் தருமா? எப்படித் தொடங்குவது?

பயன் தரும். ஆனால் டொரொண்டோவில் ஒரு நிலக்கீழ் அறையில் ஐந்து குளிர்காலங்களை மிதித்தே கழித்தவன் என்ற முறையில், சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் ட்ரெய்னர் கருவிக்குப் பணம் சேர்க்கும்போதே நல்ல மின்விசிறிக்கும் சேர்த்துவிடுங்கள் என்பேன்.

முதல் ஆண்டில் இது எனக்குத் தெரியவில்லை. வெளியே மைனஸ் 10 பாகை இருக்கும்போது விசிறி எதற்கு என்று எண்ணினேன். அரை மணி நேரம் கடந்ததும், மிதிக்கும் விசை கூடாமலேயே இதயத் துடிப்பு 140இலிருந்து 160ஐ நெருங்கும். கால்களில் வலுவில்லை என்று நொந்துகொண்டு இறங்கிவிடுவேன். கால்கள் மீது பழி போட்டது தவறு. உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் மிதியைச் சென்றடைகிறது, மற்றதெல்லாம் வெப்பம். 200 வாட் அளவில் மிதிப்பவரின் உடலில் 600 முதல் 800 வாட் வரை வெப்பம் உண்டாகிறது. சாலையில் எதிர்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அறைக்குள்ளோ வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆகவே தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் ஓட வேண்டியிருப்பதால், அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. அந்த வியர்வையின் உப்பு ஹேண்டில்பார் திருகுகளை அரித்துவிடும் என்பதால், மேலே ஒரு துண்டைப் போட்டுவையுங்கள். நான் ஒரு திருகைத் துருவுக்குப் பறிகொடுத்த பிறகே போட்டேன்.

பயிற்சியின் அளவை முடிவுசெய்ய, 20 நிமிடங்கள் முழு முயற்சியுடன் மிதித்து, கிடைக்கும் சராசரி வாட்டை 0.95ஆல் பெருக்குங்கள், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவுக்கு அது ஒரு நல்ல மதிப்பீடு. வீட்டுக்குள் இந்த எண் பலருக்குச் சற்றுக் குறைவாகவே வருவதால், கோடையில் சாலையில் எடுத்த எண்ணைக் கொண்டுவந்து இங்கே திணிக்க வேண்டாம். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள், ஒரு மணி நேரம் போதும். இறக்கமும் சிக்னலும் இல்லாததால் கால்கள் ஓயும் நொடியே கிடையாது. பெரும்பாலான நாட்களில் அந்த எண்ணில் 56 முதல் 75 சதவீதத்துக்குள், பேச்சுக்கொடுக்கும் அளவுக்கு இலகுவாக மிதியுங்கள். ஒரு நாள் மட்டும் 88 முதல் 94 சதவீதத்தில் 15 நிமிடங்கள் வீதம் இரண்டு முறை. திரையில் நடக்கும் மெய்நிகர்ப் பந்தயங்களில் தினமும் மோதுகிறவர்கள் ஜனவரிக்குள் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஒருமுறை சலித்தவன்தான்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு மேத்யூ ஹேமனைச் சுட்டிக்காட்டுவேன். 2016 பிப்ரவரி இறுதியில் ஒரு பந்தயத்தில் கை எலும்பு முறிந்த அந்த ஆஸ்திரேலிய வீரர், வீட்டுக்குள் ட்ரெய்னரில் ஸ்விஃப்ட் (Zwift) என்ற மெய்நிகர் சைக்கிள் செயலியின் துணையுடன் மிதித்துத் தயாராகி, ஏப்ரலில் பிரான்ஸின் புகழ்பெற்ற ஒருநாள் பந்தயமான பாரிஸ்–ரூபேயையே வென்றார். அவர் தொழில்முறை வீரர், பல ஆண்டு உழைப்பு அவர் கால்களில் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கடைசியாக, இருக்கை. ட்ரெய்னரில் சைக்கிள் அசையாமல் நிற்பதால் உடல் எடை ஒரே இடத்தில் அழுந்துகிறது. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து நின்று, ஒரு கியர் கூட்டி, அரை நிமிடமாவது மிதியுங்கள்.