கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் சிறுதொழில் செய்பவர்களுக்கும் கலைத்தொழிலில் இருப்பவர்களுக்கும் கணக்கையும் ஆர்டரையும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பதையே தனித்தொழிலாகச் செய்யும் ‘அக்கா’ பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, நாங்கள் வீட்டிலேயே நிப்பட்டு (தட்டை மாதிரி நொறுக்குத்தீனி) போடுகிறோம். வீட்டுக்காரர் எக்ஸ்எல் வண்டியில் கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர் வரை கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். சரக்கு நன்றாகப் போகிறது, பணம்தான் கைக்கு வருவதில்லை. பாக்கி கேட்டால் “போன வாரமே குடுத்துட்டேனே” என்கிறார்கள். இவரும் “சரி, இருக்கும்” என்று திரும்பிவிடுகிறார். கம்ப்யூட்டரில் பில் போடும் சாஃப்ட்வேர் வாங்கலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. சாஃப்ட்வேர் உங்கள் வீட்டில் இருக்கும். கணக்கு தவறுவதோ கடை வாசலில். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு டப்பாவை இறக்கி வைக்கிறார். கடைக்காரர் அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டே “வெச்சுட்டுப் போங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார். அந்த அரை நிமிஷத்தில்தான் உங்கள் பணம் காணாமல் போகிறது.

அச்சகத்தில் சொல்லி, வரிசை எண் போட்ட கார்பன் பில் புக் அடித்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு பில். தேதி, இன்று இறக்கிய பாக்கெட், போன தடவைச் சரக்கில் திரும்பியது, பழைய பாக்கி, இன்று கொடுத்தது, இனி நிற்பது. கீழே கடைக்காரர் கையெழுத்து. மேல் தாள் அவருக்கு, கார்பன் தாள் நமக்கு. ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ கையெழுத்துப் போடுவார்கள், போடட்டும், எண் எல்லாருக்கும் ஒன்றுதான்.

‘திரும்பியது’ என்ற வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். நிப்பட்டில் சண்டையே அங்கேதான். அவர் பத்து பாக்கெட் நொறுங்கிவிட்டது என்பார், நீங்கள் ஆறுதான் எடுத்து வந்திருப்பீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் எழுதவில்லை, அவ்வளவுதான். பழைய பாக்கியை ஒவ்வொரு பில்லிலும் இழுத்து எழுதிவந்தால் தகராறு ஒரு வாரத்துக் கணக்கோடு நின்றுவிடும். ஆறு மாசத்துக் கதையைக் கிளற வேண்டியிருக்காது.

கையெழுத்துக் கேட்க வீட்டுக்காரருக்குக் கூச்சமாக இருக்கும். “வீட்டுல திட்டுறாங்க அண்ணா, ஒரு கையெழுத்து போட்டுடுங்க” என்று பழியை உங்கள் மேல் போடச் சொல்லுங்கள். இது செல்லாத கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்தது ஜிபே. பாக்கிப் பணம் வரும் கணக்கில்தான் பால் காசும் பெட்ரோலும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் போகிறது என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. வியாபாரத்துக்குத் தனி பேங்க் கணக்கு, அதற்குத் தனி கியூஆர். வாரம் ஒருநாள் அதிலிருந்து வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையை எடுத்துக்கொள்ளுங்கள், சம்பளம் மாதிரி. அப்போதுதான் நிப்பட்டு சம்பாதிக்கிறதா, வீட்டை வைத்து நிப்பட்டு பிழைக்கிறதா என்று தெரியும்.

ஒரு சூப்பர் மார்க்கெட் மூன்று மாசமாக பில்லைப் பிடித்து வைத்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு வேறு வழி. உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்யுங்கள். அரசின் இணையதளத்தில் செய்தால் காசே கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள். பதிவுக்குப் பிறகு போடும் சரக்குக்கு 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணைக்கு வரும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வட்டி. இது சொந்தமாகத் தயாரிப்பவருக்கும் சேவை செய்பவருக்கும்தான், வாங்கி விற்பவருக்கு இல்லை. நீங்களே மாவு பிசைந்து போடுகிறவர், அதனால் பொருந்தும். அதோடு, 2024 மார்ச்சில் முடிந்த கணக்காண்டிலிருந்து, இப்படிக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, சரக்கு வாங்கிய கடை, கொடுக்கும் வரை செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது. அதனால் உத்யம் எண்ணை பில்லின் தலையிலேயே அடித்துவிடுங்கள். முறையாகக் கணக்கு எழுதும் பெரிய கடையென்றால் மார்ச் மாசம் அவர்கள் ஆடிட்டரே “இவங்களுக்குக் குடுத்துட்டீங்களா?” என்று கேட்பார். டீக்கடைக்காரரின் எண்ணூறு ரூபாய்க்குச் சட்டம் பேசாதீர்கள். அங்கே பில் புக்கும் கையெழுத்தும் போதும்.

கேள்வி: கல்யாண போட்டோகிராபர் நான். வேலை நன்றாகத்தான் செய்கிறேன், ஆனால் ஆல்பம் கொடுக்க ஆறு மாசம் ஆகிவிடுகிறது. கடைசித் தவணைப் பணமும் அதனாலேயே நிற்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் எது யாருடையது என்று தேடுவதிலேயே பாதி நாள் போகிறது. ஆள் போடலாமா அக்கா?
– வாசகர், தர்மபுரி

பதில்: ஆள் போட்டால் அவரும் சேர்ந்து தேடுவார் தம்பி.

ஆறு மாசத்தில் நீங்கள் எடிட்டிங்கில் உட்காருவது எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான ஸ்டுடியோக்களில் நான் பார்ப்பது, வாடிக்கையாளர் போட்டோ தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல் இழுப்பதுதான். பொண்ணு வீட்டுக்கு ஒரு லிஸ்ட், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு லிஸ்ட், நடுவில் பொண்ணு பெங்களூருக்குக் குடிபோய்விடும். அட்வான்ஸ் வாங்கும் அன்றைக்கே ஆர்டர் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: போட்டோ அனுப்பிய 30 நாளுக்குள் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஸ்டுடியோவே தேர்ந்தெடுத்து ஆல்பம் அடிக்கும். யார் தேர்ந்தெடுப்பார், அவர் போன் நம்பர் என்ன என்பதும் அதிலேயே இருக்கட்டும், ஒரே ஒரு ஆள். பணத்தை முன்பணம், முகூர்த்த நாள், ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஆல்பம் கைக்கு வந்த பிறகு வரும் பணத்துக்குக் கால் கிடையாது.

ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது தேதியை முன்னால் போடுங்கள்: வருஷம், மாசம், நாள், பிறகு ஊர், பிறகு பெயர். ‘2025-09-04 இலக்கியம்பட்டி’ என்று ஆரம்பித்தால் கம்ப்யூட்டரே வரிசையாக அடுக்கிக்கொள்ளும். ‘நியூ ஃபோல்டர் 7’, ‘ஃபைனல் ஒரிஜினல்’ எல்லாம் இன்றோடு போதும். இரண்டு டிஸ்க்கில் நகல் ஏறி, ஒன்று ஸ்டுடியோவிலும் ஒன்று வீட்டிலும் இருக்கும் வரை கேமரா கார்டை அழிக்காதீர்கள். ஒரு கல்யாணத்தை இன்னொரு தடவை நடத்தச் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று. வாடிக்கையாளர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். எடுத்தவர் நீங்கள் என்பதால் மட்டும் அது உங்களுடையது ஆகிவிடாது. இன்ஸ்டாகிராமில் போடும் பழக்கம் இருந்தால் அதற்குச் சம்மதம் என்று அதே படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சம்மதமில்லை என்பவர் டிக் அடிக்க ஒரு கட்டமும் இருக்கட்டும்.

தேங்கிக் கிடக்கும் பழைய ஆல்பங்களை ஆடியிலும் மார்கழியிலும் முடியுங்கள். அந்த மாசங்களில் காதுகுத்து ஆர்டர் வந்தாலும் பாதி நாளைத் தேக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: கணக்குக்கும் ஆர்டருக்கும் எந்த ஆப் நல்லது?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: நோட்டில் மூன்று மாசம் விடாமல் எழுதிக் காட்டுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: நீங்கள் வந்து உட்கார்ந்தால் வியாபாரம் கூடுமா? இதற்கெல்லாம் ஃபீஸ் கொடுத்து ஒருவரை வைப்பது வீண் செலவு என்கிறார் என் அப்பா. முப்பது வருஷமாக ஹார்டுவேர் கடை நடத்துகிறார்.
– வாசகர், பாலக்கோடு

பதில்: வியாபாரத்தைக் கூட்டித் தருவேன் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் என்ன கேட்கிறார்கள், அதற்கு யார் என்ன வாக்குக் கொடுக்கிறார்கள், அது எங்கே எழுதப்படுகிறது என்று பார்ப்பேன். எழுதாமல் போகும் இடத்தில் ஒரு நோட்டோ படிவமோ வைத்துக் கொடுப்பேன். அது பழகும் வரை வந்துபோவேன், பிறகு நிறுத்திக்கொள்வேன். வரி விஷயத்துக்கு ஆடிட்டர்தான், அதில் நான் கை வைப்பதில்லை.

உங்கள் அப்பா சொல்வதும் முழுத்தப்பில்லை. முப்பது வருஷம் கடை நடத்தியவர் தலையில் எல்லாம் இருக்கும். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் பிளம்பர்களின் பாக்கி யார் யாருக்கு எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியுமென்றால் நான் வேண்டாம். முடியாதென்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்கள். அப்போதும் நான் வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழு தெருக்கூத்து ஆடுகிறது. போன சீசனில் ஒரே ராத்திரிக்கு இரண்டு ஊரில் அட்வான்ஸ் வாங்கிவிட்டோம். கூத்து வாத்தியார் ஒன்று ஒத்துக்கொண்டார், ஆர்மோனியக்காரர் ஒன்று ஒத்துக்கொண்டார். ஒரு ஊரில் பெரிய சத்தமாகிவிட்டது. கலைக்குப் போய் ஆபீஸ் மாதிரி ரெஜிஸ்டர் வைக்க முடியுமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: ராத்திரி பூரா ஆடும் கதையை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு காலண்டர் சுமையா?

தேதி கொடுக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். வாத்தியார் வேண்டாம் என்பது என் யோசனை. முகத்துக்காக ஒத்துக்கொள்ளும் மனுஷர் அவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் யாராவது, உங்கள் மனைவி கூட இருக்கலாம். ஒரு தினக்காலண்டர், ஒரு போன் நம்பர். மற்றவர்களிடம் யார் கேட்டாலும் அந்த நம்பரைக் கொடுக்க வேண்டும், “வர்றோம்” என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகே தேதியில் பேனாவால் எழுத வேண்டும், அதுவரை பென்சில்.

பேசும்போதே கேட்டு எழுத வேண்டியவை: ஊர், கோயில், எந்தக் கதை, விடிய விடியவா பாதி ராத்திரியா, பாரதம் நடக்கும் ஊரென்றால் பகலில் படுகளம் (துரியோதனன் வதம்) உண்டா, மைக் செட் யாருடையது, வண்டி வாடகை யார் தலையில், ராத்திரிச் சாப்பாடு எத்தனை பேருக்கு, மழை வந்து நின்றால் என்ன கணக்கு. இந்தக் கடைசியைக் கேட்கத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள், கேட்டுவிடுங்கள். எழுதியதை அப்படியே ஊர்ப் பெரியவர் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி “சரி” என்று பதில் வாங்குங்கள்.

ஆட்டம் முடிந்த காலையில், வண்டி ஏறும் முன்பே பங்கைப் பிரித்து நோட்டில் ஒவ்வொருவரும் பெயருக்கு நேரே கையெழுத்துப் போடட்டும். நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்து அதே நோட்டின் உறையில் வையுங்கள். சத்தமான அந்த ஊருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் நேரில் போய்க் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷத்துத் தேதியைக் கேட்டு வாருங்கள்.