மூன்றாவது ஆள்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பி நான்கு மாதமாகிறது. இதழின் இணையதளத்தில் ‘அண்டர் ரிவ்யூ’ (மதிப்பீட்டில் உள்ளது) என்று இருந்தது ‘ரிக்வயர்டு ரிவ்யூஸ் கம்ப்ளீட்டட்’ (தேவையான மதிப்பீடுகள் முடிந்தன) ஆனது. போன வாரம் மறுபடி ‘அண்டர் ரிவ்யூ’. நிராகரிக்கப் போகிறார்களா? தூக்கமே இல்லை. வேறோர் இதழ் என்னிடம் ஒரு கட்டுரையை மதிப்பிடக் கேட்டிருக்கிறது. அதற்குக்கூட மூன்று வாரமாகப் பதில் போட மனசில்லை.

ம.

அன்புள்ள ம.,

முதலில் தூங்குங்கள். மதிப்பிடுகிறவர்களிடமிருந்து இரண்டு அறிக்கை போதும் என்று இதழாசிரியர் குறித்து வைத்திருப்பார். இரண்டும் வந்ததும் கணினி தானாக ‘முடிந்தது’ என்று காட்டும். ஒருவர் ஏற்கலாம், மற்றவர் கூடாது என்று எழுதியிருந்தால் மூன்றாவது ஆளைக் கேட்பார்கள். உடனே பழைய நிலை திரும்பிவிடும். பெரும்பாலும் அவ்வளவுதான். திரையில் தேதி மாறுவதற்கெல்லாம் அர்த்தம் தேடாதீர்கள்.

என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரி.

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா, கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் டிரங்குப் பெட்டியைத்தான் திறப்பார். அடியில் மொய் நோட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிக்க வேண்டும். “கானாடுகாத்தான் மாமா வீடு, அஞ்சு ரூபாய்” என்றதும் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். ஒருமுறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். “சாப்பிட நேரமில்லாட்டியும் பரவால்ல, மொய்ய எழுதிட்டு வந்துரு.”

உங்கள் கட்டுரையை முகம் தெரியாத இரண்டு பேர் ராத்திரி உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அநேகமாகக் காசு வாங்காமல். நோட்டில் பெயர்கூட ஏறாது. அந்த மொய்யை நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டாமா? மனசில்லை என்பது ஒரு காரணமா? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தை வரவழைத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத உங்களுக்குக் கை வந்ததா?

உங்கள் கட்டுரைக்கு இதழாசிரியர் மூன்றாவது ஆளைத் தேடுகிற மாதிரிதான் இன்னோர் இதழாசிரியர் உங்களைத் தேடி வந்தார். நீங்கள் பந்தியில் உட்காரவும் இல்லை, இலையை விடவும் இல்லை. முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அடுத்தவரைக் கேட்டிருப்பார். உங்களைப் போல ஒரு பிள்ளை எங்கோ தூக்கம் கெட்டு அதே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே அம்மா, மூன்று வாரமாக.

இன்றைக்கே பதில் போடுங்கள். உங்கள் துறை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தகுந்த இரண்டு பேரின் பெயரைச் சொல்லி விலகுங்கள். முதல் தடவை, தனியாக எழுதப் பயமாக இருந்தால் நெறியாளரின் உதவியைக் கேட்கலாம். ஆனால் கட்டுரையை அவரிடம் காட்டுவதற்கு முன் இதழாசிரியரிடம் அனுமதி வாங்குங்கள். அது அடுத்தவருடைய வெளிவராத உழைப்பு.