ஏ.எஃப்.பி நார்மல் என்றால் கல்லீரலில் புற்றுநோய் இல்லை என்று நம்பலாமா?

நம்ப முடியாது. ஏ.எஃப்.பி (ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன்) என்பது கல்லீரல் புற்றுக் கட்டிகள் சுரக்கக்கூடிய, ரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம். தொடக்க நிலைக் கட்டிகளில் கணிசமானவை இந்தப் புரதத்தைச் சுரப்பதே இல்லை. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்ற வழக்கமான வரம்பில், பத்தில் நான்கு கட்டிகளாவது தப்பிவிடும். வரம்பை 200-க்கு உயர்த்தினால் பொய் எச்சரிக்கை குறையும், தப்புபவை இன்னும் கூடும்.

கல்லீரல் புற்றுநோய் இல்லாமலும் ஏ.எஃப்.பி ஏறும்: ஹெபடைடிஸ் பி, சி தீவிரமாகும்போது, கர்ப்பத்தில், விந்தகக் கட்டிகள் சிலவற்றில். அதனால் ஒற்றை எண்ணைவிட அதன் போக்குதான் முக்கியம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி நொதி இறங்கிய பிறகும் ஏ.எஃப்.பி மட்டும் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் வலுக்கும். நோய் அபாயம் எதுவும் இல்லாதவர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இதைச் சேர்ப்பது, என் கணக்கில், காசு கொடுத்துக் கவலை வாங்குவது.

பிவ்கா-2 என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்தால் கூடுதலாகச் சில கட்டிகள் சிக்கும். ஆனால் வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர்களுக்கும் வைட்டமின் கே குறைந்தவர்களுக்கும் அது பொய்யாக உயரும். மருந்து விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி-யும் சேர்த்தே எடுக்க வேண்டும். தொடக்க நிலையில் ஸ்கேன் மட்டும் சுமார் 45 சதவீதத்தைப் பிடிக்கும், இரண்டும் சேர்ந்தால் சுமார் 63. ஏ.எஃப்.பி 20-ஐத் தாண்டினாலோ, 1 செ.மீ. அல்லது அதைவிடப் பெரிய கட்டி தெரிந்தாலோ, அடுத்தது கான்ட்ராஸ்ட் ஏற்றிப் பல கட்டங்களாக எடுக்கும் சி.டி அல்லது எம்.ஆர்.ஐ.