வயர்லெஸ் கம்யூனிகேஷனில் எம்.டெக்.: முன்கூட்டியே எதைப் படிப்பது?

ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) முடித்துவிட்டு வயர்லெஸ் கம்யூனிகேஷனில் எம்.டெக். சேர விரும்புகிறவர் முதலில் எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிகழ்தகவும் அணிக் கணிதமும்தான். 5ஜி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சேனலில், அதாவது சிக்னல் செல்லும் பாதையில், அதிகபட்சம் எவ்வளவு வேகமாகத் தகவல் அனுப்பலாம் என்பதற்குக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-ல் தந்த சூத்திரத்தையே எடுங்கள். சிக்னலின் திறன் இரைச்சலைப்போல் 15 மடங்கு இருந்தால், 1 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித்தில் நொடிக்கு அதிகபட்சம் 40 லட்சம் பிட் பிழையில்லாமல் அனுப்பலாம். திறனை இரட்டித்தாலும் 50 லட்சத்தைத் தொடாது. ஆனால் இரு முனையிலும் இரண்டிரண்டு ஆன்டெனா வைத்தால், சுற்றிலும் போதிய எதிரொலிப்பு இருக்கும் இடத்தில், வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அது எப்படி என்பதை அணிகள்தான் விளக்கும். இந்தப் படிப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வின் ஈசி தாளுக்கும் இதே அடித்தளம் உதவும். சரி, கூடவே பைத்தானில் ஒரு ராலே சேனலை (எதிரொலிப்புகளால் சிக்னலின் பலம் தற்செயலாக ஏறி இறங்கும் பாதையின் நிகழ்தகவு மாதிரி) நீங்களே எழுதி ஓட்டிப் பாருங்கள்.