குறைந்த செலவில் கணினி பொருத்துதல்: வன்னி வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விலை மட்டும் கேட்காதீர்கள். டொலரோடு சேர்ந்து அது கிழமைக்குக் கிழமை மாறுகிறது. எதற்கு முதலில் காசைப் போடுவது, எதைப் பிறகு பார்க்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

பரந்தனிலிருந்து ஒரு தாய்: மகன் ஏ.எல்லில் ஐ.சி.டி எடுத்திருக்கிறான். கிராபிக்ஸ் காட் கட்டாயம் வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை அக்கா. பைதன் எழுதவும், டேட்டாபேஸ் பழகவும், வெப் பக்கம் செய்யவும் அது தேவையே இல்லை. படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கும் புரொசசர் ஒன்றை எடுத்தால் போதும். ஏ.எம்.டி பக்கம் ரைசன் 5 5600ஜி, இன்டெல் பக்கம் ஐ3-12100. இன்டெல் எண்ணின் முடிவில் 'எஃப்' இருந்தால் அந்தப் பகுதி கிடையாது. கொஞ்சம் மலிவு என்று 12100எஃப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு காட் இல்லாமல் திரையில் படம் வராது என்பார்கள். பில்லில் எழுத்தைச் சரி பாருங்கள்.

5600ஜி என்றால் பி550 மதர்போட் நல்லது. பி450 மலிவு. ஆனால் பழைய சரக்காக இருந்தால் பயாஸ், அதாவது மதர்போட்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள், புதுப்பிக்காமல் இந்தப் புரொசசர் எழும்பாது, கடையிலேயே போட்டு இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஐ3 என்றால் எச்610 காணும். ராம் 8 ஜி.பி இரண்டு, சேமிக்க 500 ஜி.பி என்.வி.எம்.ஈ எஸ்.எஸ்.டி (வேகமான வகை) ஒன்று. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போட்டுப் பிள்ளையைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

இனி முக்கியமானது பவர் சப்ளை. கேசிங்கோடு சேர்த்துத் தருகிற பவர் சப்ளையை வாங்க வேண்டாம். வெளியே 500 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 16 அம்பியர் என்றால் 192 வாட். கணினி பெரும்பாலும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். '80 பிளஸ்' முத்திரை உள்ள 450 வாட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். நம் பக்கத்துக் கரண்ட் ஏறி இறங்கும்போது முதல் அடி விழுவது இதில்தான். மட்டமானது போகும்போது மதர்போட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

ஒட்டுசுட்டான்: 16 ஜி.பி ராம் ஒன்றாகவே போட்டால் பிறகு கூட்டலாம்தானே அண்ணை?

தனிக் காட் இல்லாத கணினியில் படம் காட்டும் பகுதியும் ராமைத்தான் பயன்படுத்துகிறது. ஒன்று போட்டால் தரவு போகும் பாதை ஒன்று, இரண்டு போட்டால் பாதை இரண்டு. 8 + 8 போடுங்கள். கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வவுனியா, கம்பஸ் மாணவர்: ஜி.டி.ஏ 5 கேம் ஓட வேண்டும். பழைய ஆர்.எக்ஸ் 580 கிராபிக்ஸ் காட் ஒன்று மலிவாக வருகிறது.

ஜி.டி.ஏ 5 அந்த 5600ஜியிலேயே, செட்டிங்ஸைக் குறைத்தால் ஓடும் தம்பி. ஆர்.எக்ஸ் 580 185 வாட் இழுக்கிற சாமான். பல காட்கள் கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாகக் கிடந்து வந்தவை. '2048எஸ்.பி' என்று இருந்தால் அது உண்மையான 580ஐவிடக் குறைந்தது. அதற்கும் மேலே, பழைய காட்டின் பயாஸை மாற்றி, 1050 டி.ஐ என்ற வேறு காட்டின் பெயரில் விற்பவர்களும் இருக்கிறார்கள். ஜி.பி.யு-சீ (GPU-Z) என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், போலியை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். காட்டுக்கு ஆசைப்பட முன் பவர் சப்ளை என்ன என்று பாருங்கள்.

புதுக்குடியிருப்பு: பழைய டெல் ஒஃபிஸ் கணினி வாங்கலாமா?

வாங்கலாம். எட்டாம் தலைமுறை இன்டெல், ஐ5-8500 போன்றது, கிடைத்தால் நல்ல பேரம். அதற்கு முந்தியவை விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் பழக விருப்பமானால் பழையதும் ஓடும். ஒரு குறை: அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை அந்தந்தக் கம்பனிக்கே உரிய அளவு, எரிந்தால் சாதாரணமானது பொருந்தாது.

மல்லாவி: கேசிங்கோடு 500 வாட் பவர் சப்ளை சும்மா வருகிறது. காணுமா?

காணாது. மேலே பரந்தனுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

முறிகண்டி: புதுக் கணினியின் கேசிங்கில் கை பட்டால் சுள்ளென்று இழுக்கிறது. செருப்புப் போட்டால் இல்லை. பவர் சப்ளை பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை தம்பி, உங்கள் சொக்கட்டில் எர்த், அதாவது நிலத்தோடு இணைக்கும் கம்பி, இல்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று லைனில் இருந்து கேசிங்குக்கு, மற்றது நியூட்ரலில் இருந்து கேசிங்குக்கு. எர்த் இருந்தால் கசிவு அதன் வழியே போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேசிங்கில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் யூ.எஸ்.பி வயர் செருகும்போது போர்ட் போகலாம். உண்மையான ஒழுக்கு ஏற்பட்டால் பாதுகாப்பும் இல்லை. வயரிங்காரரைக் கூப்பிடுங்கள்.

மாங்குளம், வயரிங் வேலை செய்பவர்: ட்ரிப் சுவிச் இருந்தால் காணும் தம்பி. எர்த்துக்குச் சனத்தை ஏன் செலவழிக்கப் பண்ணுகிறீர்?

அண்ணை, ட்ரிப் சுவிச் பொதுவாக 30 மில்லி அம்பியர் அளவில் கசிந்தால்தான் விழும். முறிகண்டித் தம்பிக்கு இழுப்பது ஒரு மில்லி அம்பியர்கூட வராது, அது விழவே விழாது. சேர்ஜ் தடுப்பு உள்ள நல்ல மல்ட்டி பிளக்கும் மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்கும் தள்ளிவிடும். எர்த் இல்லாவிட்டால் எங்கே தள்ளுவது?

மாங்குளம், மறுபடியும்: சரி, எர்த் இறக்குவோம். உப்பும் கரியும் போட்டுக் கம்பி இறக்கிய வீடுகளில் ஒரு முறைப்பாடும் இல்லை. நீர் கணினிக்காரர், இதில் தலையிட வேண்டாம்.

கரியில் எனக்குச் சண்டை இல்லை. உப்பு முதலில் நன்றாக வேலை செய்யும். மாரியில் கரைந்து போகும், இருக்கிற காலத்தில் கம்பியையும் அரிக்கும். ஆடி ஆவணியில் மண் காய்ந்து இறுகும்போது ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று மீற்றர் வைத்துப் பார்த்தீர்களா? முறைப்பாடு வராததற்கு யாரும் அளக்காததும் ஒரு காரணம். கிணற்றடிப் பக்கம், எப்போதும் ஈரமான இடத்தில் நீளமான கம்பியாக இறக்குங்கள் அண்ணை. உப்புச் செலவும் மிச்சம்.

துணுக்காய்: இடி வரும்போது பிளக்கைக் கழற்றினால் இந்தச் சண்டையே தேவையில்லையே?

மின்னலுக்கு அதுதான் சரியான மருந்து, சுள்ளென்று இழுப்பதற்கு அல்ல. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கமுதலே கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் அணைப்பது போதாது. ரவுட்டரில் இருந்து வரும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். செம்புத் தொலைபேசிக் கம்பி வழியே வந்து மதர்போட்டின் லேன் போர்ட்டை எரிப்பது வழக்கம்.

மாங்குளம், இன்னுமொரு தடவை.

அண்ணை, உப்பைப் பற்றி இனி நான் பேசவில்லை.

கிளிநொச்சி: 650 வி.ஏ யூ.பி.எஸ் எத்தனை மணித்தியாலம் தாங்கும்?

மணித்தியாலமா? நிமிடக் கணக்கு. வேலையைச் சேமித்துவிட்டு அணைக்கத்தான் அது. 650 வி.ஏ என்றால் பொதுவாக 360 வாட் அளவுதான், தனிக் காட் இல்லாத கணினிக்குக் காணும். லேசர் பிரிண்டரை அதில் செருக வேண்டாம். பற்றரி சில வருடங்களில் சோர்ந்துவிடும், அதை மட்டும் மாற்றலாம்.

விசுவமடு: கேசிங்கோடு வருவதுதான், ஆனால் இது 600 வாட்.

600 என்று ஸ்டிக்கர் அடிக்கவும் அதே செலவுதான்.

நெடுங்கேணி: போன் சார்ஜ் ஏறுதில்லை.

போன் திருத்துபவரிடம் கொடுங்கள்.

முல்லைத்தீவு: கொழும்பில் வாங்கினால் மலிவு என்கிறார்கள். பஸ்ஸில் போட்டுவிடுவார்களாம்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் பல நேரம் குறைவு. புரொசசர், ராம், எஸ்.எஸ்.டி மூன்றையும் அங்கே எடுக்கலாம், இலேசில் பழுதாகாதவை. பவர் சப்ளை, மதர்போட், யூ.பி.எஸ் மூன்றையும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ, நேரில் போய்க் கேட்கக்கூடிய கடையில் வாங்குங்கள். கூடக் கொடுக்கும் காசு பார்சல் அனுப்பி அலைவதில் மிச்சமாகிவிடும். எங்கே வாங்கினாலும் பில்லின் அடியில் உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். ஒரு வருட வாரண்டி என்பதைப் பல கடைகள் 350 நாள் என்று கணக்கிடும். எரிந்த அடையாளம், மின்னல், துரு இருந்தால் வாரண்டி இல்லை என்றும் இருக்கும். கேசிங்கோடு வந்த பவர் சப்ளை மதர்போட்டைக் கருக்கினாலும் அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.