கேட்டாலே கதவைச் சாத்துகிறாள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. எதிர்காலத் திட்டம் என்னவென்று கேட்டாலே அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். நம் காலத்தில் இல்லாத மன அழுத்தம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? – ஒரு தந்தை

பதில்: 'கேட்டாலே' என்று எழுதிய நீங்கள், எத்தனை முறை கேட்டீர்கள் என்பதை எழுதவில்லை. நீங்கள் ஒருவர் மட்டும் கேட்டால்கூடப் பரவாயில்லை. பெரியப்பா கேட்கிறார், ஆசிரியை கேட்கிறார், வாயைத் திறக்க வைத்து உள்ளே கருவியையும் நுழைத்துவிட்டுப் பல் மருத்துவர் கேட்கிறார்.

இதே கேள்வியை ஒரு வாரத்துக்குப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 45 வயதுக்காரர் ஒருவரை விருந்தில் மடக்கி, "இன்னும் பத்து ஆண்டில் என்னவாக உத்தேசம்?" என்று விசாரிக்க வேண்டும். "இதே வேலையில்தான் இருப்பேன்" என்று அவர் முனகினால், "அது போதுமா? உங்களோடு படித்தவர் எங்கேயோ போய்விட்டாரே!" என்று தோளைத் தட்ட வேண்டும். சென்ற ஆண்டு அவருக்குக் கிடைத்த சம்பள உயர்வு எவ்வளவு என்பதை அவருடைய மனைவியை விட்டே சபையில் அறிவிக்கச் செய்ய வேண்டும். அடுத்த விருந்துக்கு அவர் வரமாட்டார். அதற்காக அவரை எவரும் அடங்காப்பிடாரி என்று சொல்லவும் மாட்டார்கள்.

பிள்ளைகள் இதற்கொரு தற்காப்பு வைத்திருக்கிறார்கள். 'மருத்துவர் ஆவேன்' என்றால் பேச்சு அங்கேயே முடிகிறது. 'இன்னும் தெரியவில்லை' என்றால் அரை மணி நேர அறிவுரை தொடங்குகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் 15 வயதினரிடம் நடத்திய ஆய்வில், 41 நாடுகளின் மாணவர்களில் 47 விழுக்காட்டினரும் மாணவிகளில் 53 விழுக்காட்டினரும், 30 வயதில் தாங்கள் பார்க்கப்போகும் வேலையாகப் பத்தே பத்துத் தொழில்களுள் ஒன்றைத்தான் சொன்னார்கள். இதை ஆசைகளின் பட்டியல் என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ பாதிப் பேராவது கேட்டவரிடமிருந்து தப்பிக்கச் சொன்னதாகவே படுகிறது.

'நம் காலத்தில் இல்லாத' என்பதில் பாதிதான் உண்மை. பதின்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த பருவம் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இலேயே எழுதிவிட்டார். எல்லோரும் தன்னையே கவனிப்பதாக அந்த வயதில் தோன்றுவதை, கற்பனைப் பார்வையாளர்கள் என்று 1967இல் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் விளக்கினார். நம் முகப்பருவை உண்மையில் எவரும் பார்க்கவில்லை. ஊரே பார்ப்பதாக நாம்தான் நினைத்துக்கொண்டோம். உங்கள் மகளின் பார்வையாளர்கள் கற்பனையல்ல. 2009இல் ஃபேஸ்புக் லைக் பொத்தானைக் கொண்டுவந்தது முதல் அவர்களை எண்ணிக் காட்டவும் வழி பிறந்துவிட்டது. ஒரு பெண் தன் படத்தைப் பதிவேற்றிவிட்டுக் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைக்கிறாள்; இரண்டு நிமிடத்தில் நிமிர்த்திப் பார்க்கிறாள்; மறுபடி கவிழ்க்கிறாள்; தோழியின் படத்துக்கு வந்த லைக்குகளில் பாதிகூடத் தேறாததால் படத்தையே நீக்கிவிடுகிறாள். கைபேசியைப் பிடுங்கிவிடலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அவளுடைய தோழிகளும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

எதிர்காலத்தைப் பற்றிய பிள்ளைகளின் பயத்துக்கு ஆதாரமே இல்லையென்றும் சொல்ல முடியாது. 2021இல் பத்து நாடுகளில், 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கேட்டபோது, எதிர்காலம் அச்சமூட்டுகிறது என்றவர்கள் 75 விழுக்காட்டினர். இவர்களிடம் போய் 'நேர்மறையாகச் சிந்தியுங்கள்' என்று மேடையில் முழங்கிக் கட்டணமும் வாங்கிக்கொள்ளும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் வசைக்கடிதங்கள் வருகின்றன. இம்முறையும் வரட்டும்.

நீங்கள் ஒரு மாதம் கேட்காமல் இருந்து பாருங்கள். அதற்குப் பதிலாக, இப்போதைய வேலைக்கு நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள், அதில் எது சலிப்பூட்டுகிறது, 16 வயதில் என்னவாக நினைத்திருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். குறுக்கே அவள் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், "அப்படியானால் நீ?" என்று மட்டும் திருப்பிவிடாதீர்கள்.

இதெல்லாம் கதவு சாத்துவதோடு நிற்கும் பிள்ளைகளுக்கு. 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலப் பாதிப்போடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டு, தோழிகளிடமும் பேச்சு நின்றுபோயிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டு அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.