வேட்டை வாத்துப் பொம்மையைப் பழைய மரத்தில் செதுக்குவது ஏன்?

பறக்கும் காட்டு வாத்துகளை ஏமாற்றிக் கீழே இறக்க, வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிடும் மர வாத்து இது. சோளக்கொல்லைப் பொம்மை பறவையை விரட்டும். இதுவோ வா வா என்று கூப்பிடும். வட அமெரிக்காவில் ரொம்பப் பழைய வழக்கம்: நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924இல் கிடைத்த கோரைப்புல் வாத்துப் பொம்மைகளுக்கு வயது சுமார் 2,000 ஆண்டுகள்.

பழைய மரம் எதற்கு? பச்சை மரத்தில் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில் வெடித்துவிடும், குளம் வற்றும்போது மேல்மண் பிளப்பதுபோல. பல வருடம் காய்ந்த மரத்தில் அந்தச் சண்டை எப்போதோ முடிந்திருக்கும்.

சிங்கப்பூரில் எனக்குக் கிடைப்பது கிடங்குகள் கழித்துப்போடும் பைன் பேலட் பலகை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டின் பலகை (கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்). ‘எச்டி’ (HT) முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. ‘எம்பி’ (MB) என்றால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடாதீர்கள். பலகை மெல்லியது, மூன்று நான்கை ஒட்டினால்தான் உடம்பு தேறும். ஒரு ஆணியைக் கவனிக்காமல் விட்டால் உளி போச்சு. என் முதல் வாத்தின் கழுத்தில் அந்த ஆணித்துளை இன்னும் இருக்கிறது. இங்கே நினைத்தபடி வேட்டையாட முடியாது. அது அலமாரியில்தான் நீந்துகிறது.

இறகு இறகாகச் செதுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, மேலே பறக்கும் வாத்துக்குத் தெரிவது உடல்வடிவமும் தலை நிற்கும் விதமும்தான்.